பரிசல் கவிழ்ந்த நாளும் அதற்குப் பிறகும்

"இறுக்குதுடி, மூச்சு விட முடியல, கொஞ்சம் தளர்த்து" என்றார் அம்மா. நான் தளர்த்தினேன். லைஃப் ஜாக்கெட்டின் இடுப்புப் பட்டையை நாலு விரல் நுழையும் அளவுக்கு விட்டுவிட்டு, "இப்ப சரியாம்மா?" என்று கேட்டேன். அவர் தலையாட்டியதும் பரிசலில் ஏறினோம். இருபது நிமிடம் கழித்து அந்த ஜாக்கெட் காவிரியின் மேல் மிதந்தது. அம்மாவின் முகம் அதற்குக் கீழே, தண்ணீருக்குள் இருந்தது.

இதை எழுத உட்கார்ந்து பலமுறை எழுந்து போயிருக்கிறேன். அம்மா இன்று நன்றாக இருக்கிறார், அதனால்தான் எழுத முடிகிறது. வீட்டுப் பெரியவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போகிறவர்கள் யாராவது படிக்கட்டும் என்றுதான் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நாங்கள் சேலம். கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஒகேனக்கல் போனோம். நான், என் கணவர், பதினோரு வயது மகன், அறுபத்து நாலு வயது அம்மா, தம்பி, தம்பி மனைவி என்று ஆறு பேர். மேச்சேரி, பென்னாகரம் வழி. காட்டுப் பாதையில் இறங்கும்போதே ஜன்னலைத் திறந்து "மீன் வறுக்கற வாசம் வருது" என்று மகன் கத்தினான்.

அன்று காலைச் செய்தியில் ஒகேனக்கல்லுக்கு வினாடிக்கு 8,000 கனஅடி தண்ணீர் வருவதாகப் போட்டிருந்தது. ஆடி, ஆவணியில் லட்சம் கனஅடிக்கு மேல் வந்ததையெல்லாம் டிவியில் பார்த்திருந்ததால், "தண்ணி கம்மிதான்" என்றார் என் கணவர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிறகு ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு கனஅடி என்பது 28 லிட்டருக்குச் சற்று மேல். 8,000 கனஅடி என்றால் வினாடிக்கு இரண்டேகால் லட்சம் லிட்டர். எங்கள் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளில் கிட்டத்தட்ட பத்தொன்பது லாரித் தண்ணீர், ஒவ்வொரு வினாடியும். அதுவும் மணல்வெளியில் பரந்து ஓடும் ஆறு இல்லை அது. பாறையைப் பிளந்துகொண்டு சந்து சந்தாக ஓடுகிற ஆறு. செய்தியில் வரும் கனஅடி எண்ணை இப்போதெல்லாம் நான் லாரிக் கணக்கில்தான் படிக்கிறேன்.

அந்த எண் நிலையாக நிற்பதும் இல்லை. குடகிலும் வயநாட்டிலும் பெய்கிற மழை கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகளுக்குப் போய், அங்கிருந்து திறந்துவிடப்பட்டு, எல்லையில் பிலிகுண்டுலுவைக் கடந்து நம் பக்கம் வருகிறது. ஒகேனக்கல்லில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் ஏறலாம். மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளிப்பதற்கும் தடை போடும் நாட்களில் "இவ்வளவு தூரம் வந்தோமே" என்று வாதாடுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருத்தியாக நானும் இருந்திருக்கிறேன். இனி இருக்க மாட்டேன்.

அன்று தடை எதுவும் இல்லை. ஆனால் பரிசல் துறையில் வரிசை நீளமாக இருந்தது. மகனுக்குப் பசி, அம்மாவுக்குக் கால்வலி. அப்போது ஒருவர் வந்து, "கீழ்ப்பக்கம் நம்ம பரிசல் இருக்கு, உடனே போலாம்" என்றார். போனோம். முறையான துறையை விட்டு, யாரும் கணக்கெடுக்காத இடத்துக்கு நாங்களாகத்தான் நடந்து போனோம். அவர் முதலில் சொன்ன வார்த்தையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். "நாலு பேருக்கு மேல ஏத்த மாட்டேங்க. ரெண்டு நடையா போட்டுக்கலாம்." தம்பிதான் விடவில்லை. "எல்லாரும் ஒண்ணா இருந்தாத்தாண்ணே போட்டோ நல்லா வரும், சேர்த்துக் குடுத்துடறோம்" என்றான். அவர் தண்ணீரை ஒருமுறை பார்த்தார், எங்களை ஒருமுறை பார்த்தார், சரி என்றார். தம்பி கெஞ்சியபோது நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன்.

ஜாக்கெட்டுகள் வெயிலில் நிறம் வெளுத்துக் கிடந்தன. இரண்டில் கொக்கி உடைந்து, அதற்குப் பதிலாகக் கயிறு கட்டியிருந்தது. என் கணவர் மகனுடையதை எடுத்து, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். அவன் "வலிக்குதுப்பா" என்றான். "வலிக்கட்டும்" என்றார். நான் அம்மாவுடையதைத் தளர்த்தினேன். ஒரே நிமிடத்தில், ஒரே கரையில் நடந்தவை இவை இரண்டும்.

பரிசலில் ஏறியதில்லை என்றால் அது எப்படியிருக்கும் என்று சொல்கிறேன். மூங்கில் பட்டைகளைப் பின்னிய பெரிய வட்டக் கூடை. அடியில் பிளாஸ்டிக் தாள் ஒட்டித் தார் பூசியிருப்பார்கள். முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. ஒற்றைத் துடுப்பை வைத்து ஒருவர் இழுக்க இழுக்க நகரும், விட்டால் தன்னால் சுற்றும். உள்ளே உட்கார்ந்தால் ஆறு நம் முழங்கை உயரத்தில் ஓடும். நிலையான தண்ணீரில் அதைவிடச் சாதுவான வாகனம் கிடையாது. ஆறு பேர் உட்கார்ந்ததும் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண் இடம்கூட இல்லை என்பது அம்மாவின் கண்ணில் பட்டது. "தண்ணி ரொம்பக் கிட்ட இருக்கே" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை.

பெரிய பாறை ஒன்றின் மறைவில் தண்ணீர் அசையாமல் பச்சையாக நின்றது. அந்த இடத்தைக் கசம் என்றார் பரிசல்காரர். அங்கே எங்களைச் சுற்றிவிட்டார். மகன் கத்திச் சிரித்தான். கசத்தைத் தாண்டிப் பத்தடியில் ஓடுநீர். இரண்டுக்கும் நடுவில் கோடு போட்டது போல நுரை. அதைக் கடந்துதான் மணல் திட்டுக்குப் போக வேண்டும். "இப்ப ஆடாம உட்காருங்க, நான் சொல்ற பக்கம் சாயணும்" என்று அவர் சொல்ல ஆரம்பித்த நேரத்தில், பாறை விலகி அருவியின் சாரல் தெரிந்தது. தம்பி போனைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றான். அவன் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். நாங்கள் எல்லோரும் அருவிப் பக்கம் திரும்பினோம்.

அடுத்து நடந்ததற்கான காரணத்தைப் பல மாதம் கழித்துப் பரிசல்காரரே தம்பிக்கு விளக்கினார். நின்ற தண்ணீரிலிருந்து ஓடுநீருக்குள் நுழையும்போது, ஆறு பரிசலின் அடியைப் பிடித்துக் கீழ்ப்பக்கம் இழுத்துவிடும். மேலே உட்கார்ந்திருக்கும் உடம்புகள் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். அதனால் தண்ணீர் வருகிற பக்கத்து விளிம்பு அமுங்கும். அந்த நொடியில் எல்லோரும் எதிர்ப்பக்கம், அதாவது தண்ணீர் போகிற பக்கம், சாய்ந்துகொடுக்க வேண்டும். நாங்கள் சாய்ந்தது அருவிப் பக்கம், தண்ணீர் வருகிற பக்கம். தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தபோது, விலங்குகளைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் நகர்ந்ததாகச் செய்திகளில் வந்தது. படித்தவள்தான் நான். படகில் பார்க்க வேண்டிய காட்சி எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம்தான் ஆபத்து என்று அன்று எனக்கு உறைக்கவில்லை.

குடத்தைச் சாய்த்தது போலத் தண்ணீர் என் மடியில் விழுந்தது. ஐயோ என்று சொல்லக்கூட நேரமில்லை. ஒரு பக்கம் மேலே எழும்பி வந்தது. தம்பி என் தலைக்கு மேல் போனான். பிறகு காது அடைத்துக்கொண்டது.

ஜாக்கெட் என்னை மேலே தூக்கியது. கண்ணைத் திறந்தபோது பரிசலின் தார் பூசிய கறுப்பு அடிப்பாகம் முகத்துக்கு நேராக இருந்தது. மகன் நெட்டி மாதிரி மேலே மிதந்தான், கழுத்து வரை வெளியே. அவன் தோளைப் பரிசல்காரர் ஒரு கையால் பிடித்திருந்தார். மறுகையால் தண்ணீரை அடித்துக்கொண்டே கத்தினார்: "கல்லுல காலை ஊனாதீங்க! மல்லாக்கப் படுங்க! காலை முன்னால நீட்டுங்க!"

எனக்குக் கேட்டது. ஆனாலும் காலில் பாறை தட்டியதும் நான் எழுந்து நிற்கத்தான் பார்த்தேன். யாராயிருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். தண்ணீர் இடுப்பளவுதான். இடது கால் இரண்டு கல்லுக்கு நடுவில் இறங்கி மாட்டியது. உடனே ஆறு என் முதுகில் ஏறி என்னை முன்னால் மடக்கியது. கால் கீழே சிக்கியிருக்க, தலை தண்ணீருக்குள் போனது. அந்த எடையை எதிர்த்து நிமிரவே முடியாது. செருப்பின் வார் அறுந்ததால்தான் கால் உருவிக்கொண்டு வந்தது. அந்த வார் உறுதியாக இருந்திருந்தால் இடுப்பளவுத் தண்ணீரில் என் கதை முடிந்திருக்கும். அதற்குப் பிறகு அவர் சொன்னதைச் செய்தேன். மல்லாந்து, கால்விரல் நீர்மட்டத்தில் தெரிகிற மாதிரி, கால்களை ஆறு போகிற திசையில் நீட்டி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி வைத்துக்கொண்டேன். பாறை வந்தால் பாதம் முட்டும், தலை தப்பும். கைகளைப் பக்கவாட்டில் துழாவிக் கரைப்பக்கம் மெதுவாக ஒதுங்கினேன்.

அம்மா என்னைக் கூப்பிடத்தான் இரண்டு கையையும் தூக்கினார். தளர்ந்த ஜாக்கெட் போட்டவர் கையைத் தூக்கினால், ஜாக்கெட் மேலே உருவிப் போகும், உடம்பு கீழே இறங்கும். நான் பார்த்தது ஆரஞ்சு நிறத்தில் ஒரு கூடு. அதற்கு மேல் இரண்டு உள்ளங்கைகள். முகம் இல்லை. என் கணவர் கிணற்றில் நீந்திப் பழகியவர். எட்டி ஜாக்கெட்டின் தோளைப் பிடித்து இழுத்தார். ஜாக்கெட் மட்டும் அவர் கையோடு வந்தது. அடுத்து அவர் கையில் சிக்கியது அம்மாவின் கொண்டை. "அத்தை, அத்தை" என்று அவர் கத்தியது இன்றும் காதில் இருக்கிறது. அம்மாவின் சேலை நனைந்து இரண்டு காலையும் கட்டிப்போட்டது போலச் சுற்றியிருந்தது. அவரால் காலை உதைக்கவே முடியவில்லை.

பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த இன்னொரு பரிசல் வந்தது. அதிலிருந்தவர் கையை நீட்டவில்லை, துடுப்பை நீட்டினார். மூழ்குகிறவர் கையைப் பிடித்தால் பிடித்தவரையும் இழுத்துக்கொண்டு போவார். துடுப்பு, கம்பு, கயிறு, மூடிய காலி கேன், எதுவானாலும் கைக்கு முன்னால் அது போக வேண்டும்.

எல்லாம் இரண்டு நிமிடம் இருக்கும் என்கிறார் என் கணவர்.

மணல் திட்டில் அம்மாவைக் கிடத்தியபோது கூட்டம் சேர்ந்துவிட்டது. "வயித்தை அமுக்குங்க, தண்ணி வெளிய வரட்டும்" என்றார் ஒருவர். "காலைப் பிடிச்சுத் தலைகீழாத் தூக்குங்க" என்றார் இன்னொருவர். எல்லோருக்கும் நல்ல மனசுதான். நானும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று நினைத்திருந்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தார். சுகாதார நிலையம் ஒன்றில் வேலை செய்கிறவராம். "வயித்துல யாரும் கை வெக்காதீங்க" என்று அதட்டினார். அம்மாவின் மூக்கருகே காதை வைத்து, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தார். மூச்சு இருந்தது. உடனே ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, வாயைக் கீழ்நோக்கித் திருப்பினார். அம்மா வாந்தி எடுத்தார், இருமினார், கண்ணைத் திறந்து "பையன் எங்கடி?" என்றார்.

வயிற்றை அமுக்கினால் என்ன ஆகியிருக்கும் என்று பின்னால் மருத்துவரிடம் கேட்டேன். வயிற்றில் இருக்கும் சாப்பாடும் தண்ணீரும் மேலே ஏறி மூச்சுக்குழாய்க்குள் போகுமாம். நுரையீரலுக்குள் போன தண்ணீரை அமுக்கி எடுக்க முடியாதாம். மூச்சே இல்லை என்றால், வாயோடு வாய் வைத்து முதலில் காற்றை ஊத வேண்டும், அதன் பிறகு நெஞ்சை அழுத்த வேண்டும், 108 வரும் வரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும் என்றார். மாரடைப்பில் விழுந்தவருக்கு நெஞ்சை அழுத்துவது முக்கியம். மூழ்கியவருக்குக் காற்றுதான் முதலில் தீர்ந்துபோயிருக்கும், அதனால் ஊதுவதை விட்டுவிடக் கூடாது என்று அவர் அழுத்திச் சொன்னார்.

இனி நாங்கள் செய்த இரண்டாவது தவறுக்கு வருகிறேன். ஆற்றில் விழுந்ததைவிட இதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது.

எல்லோரும் கரை சேர்ந்ததும் ஆபத்து முடிந்துவிட்டது என்று நினைத்தோம். அதன் பிறகு எங்களுக்குப் பெரிய பிரச்சினையாகத் தெரிந்தது கார் சாவி. அது என் கணவரின் பாக்கெட்டிலிருந்து ஆற்றோடு போய்விட்டது. ஒரு போன் ஆற்றில், மற்றவை நனைந்து இறந்துவிட்டன. டீக்கடைக்காரர் தன் போனைக் கொடுத்தார். அதைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றபோதுதான் தெரிந்தது, எனக்கு யாருடைய எண்ணும் மனப்பாடம் இல்லை. தெரிந்த ஒரே கைபேசி எண் அம்மாவுடையது. மகனுக்குத் தெரிந்தது அவன் அப்பாவுடையது. இரண்டும் எங்களோடு ஆற்றில் விழுந்தவை.

கடைசியில் என் அலுவலகத் தரைவழி எண் நினைவுக்கு வந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் கவுன்ட்டரில் உட்கார்ந்து தினமும் பத்துப் பேருக்கு அந்த எண்ணைச் சொல்கிறவள் நான். ஞாயிற்றுக்கிழமை யார் எடுப்பார்கள்? நாலாவது முறை அடித்தபோது காவலாளி எடுத்தார். அவர் மூலமாக என்னோடு வேலை செய்யும் அக்காவைப் பிடித்தேன். அந்த அக்காவின் கணவர் என் மாமியாரிடமிருந்து மாற்றுச் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினார். நாங்கள் டீக்கடை பெஞ்சில் காத்திருந்தோம். மகன் இப்போது மூன்று எண்களை மனப்பாடமாகச் சொல்வான். நானும் சொல்வேன். மாற்றுச் சாவியும், உறையில் சுற்றிய ஒரு பழைய போனும் இல்லாமல் தண்ணீர் பக்கம் போவதில்லை. இரண்டும் கரையில் இருக்கிறவரிடம்தான் இருக்கும்.

அம்மா இருமிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் போகும்போதே சொல்லிவிட்டுத்தான் போனார்: "இருமல் நிக்கலன்னா வீட்டுக்குப் போகாதீங்க, நேரா ஆஸ்பத்திரி." கேட்டுக்கொண்டோம். "தொண்டைல தண்ணி போச்சு, அவ்வளவுதான்" என்றார் அம்மா. அதை நம்புவது எங்களுக்கு வசதியாக இருந்தது. ஒரு மணி நேரம் போனது. இரண்டு மணி நேரம் போனது. வழக்கமாக மூச்சு விடாமல் பேசுகிற அம்மா, இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தினார். பிறகு பேச்சையே நிறுத்திவிட்டார். களைப்பு என்று நினைத்தேன். என் மகன்தான் கேட்டான்: "அம்மாயி ஏம்மா தோளாலயே மூச்சு விடறாங்க?"

திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் காது வரை ஏறியது. கழுத்தெலும்புக்கு மேலிருந்த குழி உள்வாங்கியது. உதட்டில் நிறம் இல்லை. 108-ஐ அழைத்தோம். வண்டிக்குள் ஏற்றியதும் விரலில் கருவியை மாட்டினார்கள். ஆக்சிஜன் அளவு 88 காட்டியது. ஆக்சிஜன் வைத்தார்கள். காட்டுப் பாதை ஏறும்போது இருட்டிவிட்டது. அந்த வழியில் யானைகள் குறுக்கே வரும் என்று அறிவிப்புப் பலகை இருக்கும். வண்டியின் வேகம் குறையும்போதெல்லாம் என் உயிர் போய்ப் போய் வந்தது.

எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலின் அடிப்பக்கமும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். மூன்று நாள் ஆக்சிஜனில் இருந்தார். உள்ளே போன தண்ணீர் கொஞ்சமாக இருந்தாலும், காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் படலத்தை அது கெடுத்துவிடும், பாதிப்பு சில மணி நேரம் கழித்துத்தான் முழுதாகத் தெரியும் என்றார் மருத்துவர். அன்று அவர் சொன்னதை எனக்குத் தெரிந்த எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். தண்ணீரில் மூழ்கி எழுந்தவர், அது ஒரு நிமிடமே ஆனாலும், இருமினாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ, பேச்சு குறைந்தாலோ, அன்றைக்கே மருத்துவமனையில் காட்டிவிட வேண்டும். ஆறிலிருந்து எட்டு மணி நேரம் அங்கேயே வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்றால் அவர்களே அனுப்பிவிடுவார்கள். குழந்தைகள் விளையாடும் போக்கில் மறைத்துவிடுவார்கள். பெரியவர்கள் நம்மைப் பயமுறுத்தக் கூடாதென்று மறைத்துவிடுவார்கள்.

என் காலில் பாறை கிழித்த காயத்துக்கு டிடி ஊசி போட்டார்கள். அடுத்த மூன்று வாரத்துக்குள் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் ஆற்றுத் தண்ணீர் குடித்ததைச் சொல்லியே மருத்துவம் பார்க்க வேண்டும், எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்றார்கள். யாருக்கும் வரவில்லை. நனைந்த போனை அன்றிரவே என் கணவர் சார்ஜரில் மாட்டினார். அதோடு அது ஒழிந்தது. என்னுடையதை ஆன் செய்யாமல், சிம்மைக் கழற்றி, துடைத்து, மின்விசிறிக் காற்றில் வைத்து, மறுநாள் கடையில் கொடுத்தோம், பிழைத்தது. அரிசிக்குள் புதைத்துப் பயனில்லை, தூசிதான் உள்ளே போகும் என்றார் கடைக்காரர்.

அம்மா வீடு திரும்பிய பிறகுதான் எங்களுக்குள் வெடித்தது. நான் தம்பியோடு இரண்டு மாதம் பேசவில்லை. எழுந்து நின்றது அவன், ஆறு பேரையும் ஏற்றச் சொன்னது அவன் என்று யார் கேட்டாலும் சொன்னேன். அவன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார் என்று அவன் மனைவி போனில் அழுதாள். பட்டையைத் தளர்த்தியது நான்தான் என்பதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்கு அது ஞாபகம் இருக்கிறதா என்றும் தெரியவில்லை. ஒருநாள் அவருக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். கொண்டையைப் பிடித்து இழுத்த இடத்தில் இன்னும் வலிக்கிறது என்றார். அதற்கு மேல் தாங்கவில்லை, சொல்லிவிட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான்தானே கேட்டேன். நீ தளர்த்தாம இருந்திருந்தா அங்கயே உன்னைத் திட்டியிருப்பேன்" என்றார். இன்னும் கொஞ்சம் கழித்து, "தம்பிக்குப் போன் போடு" என்றார்.

மகன் வேறு மாதிரி உடைந்திருந்தான். தலைக்குத் தண்ணீர் ஊற்றவிட மாட்டான். குளியலறைக் கதவு திறந்தே இருக்க வேண்டும். ஆம்பளப் பையன் இதுக்கெல்லாம் பயப்படலாமா என்று உறவில் ஒருவர் சொன்னபோது அவன் முகம் போன போக்கை மறக்க முடியாது. யாரும் அவனைக் கட்டாயப்படுத்தக் கூடாது, அவனாகப் பேசும்போது குறுக்கே திருத்தாமல் கேளுங்கள் என்றார் குழந்தை மருத்துவர். பேசினான், பல வாரம் கழித்து. பரிசலுக்கு அடியில் தார் எப்படிப் பளபளத்தது, பரிசல்கார மாமாவின் கட்டைவிரல் தன் தோளில் எப்படி அழுந்தியது என்று. அந்தக் கட்டைவிரல் அடையாளம் பத்து நாள் அவன் தோளில் கன்றிப் போயிருந்தது. தொட்டுத் தொட்டுப் பார்ப்பான்.

மாசி மாதத்தில் தம்பி பரிசல்காரரைத் தேடிப் போனான். பணம் கொடுத்தான், வாங்கவில்லையாம். "நாலு பேருன்னு சொன்ன வாயால சரின்னும் சொன்னேனே, எனக்கும் தூக்கம் இல்லைங்க" என்றிருக்கிறார். தடை நாட்களில் வருமானமே கிடையாது, அதனால் தடை இல்லாத நாளில் வருகிறவரை மறுக்க மனம் வருவதில்லை என்றாராம். தம்பி அடுத்த முறை போகும்போது கொக்கி நன்றாக இருக்கும் புது லைஃப் ஜாக்கெட் நாலு வாங்கிக் கொடுத்தான். ஆறு வாங்கவில்லை.

போட்டுப் பார்க்கும் விதத்தை அவர்தான் தம்பிக்குக் காட்டினார். எல்லாக் கொக்கியையும் மாட்டி, பட்டைகளைக் கீழிருந்து மேலாக இழுத்துக் கட்ட வேண்டும். பிறகு போட்டவரைக் கையைத் தூக்கச் சொல்லி, இன்னொருவர் இரண்டு தோள் பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். ஜாக்கெட் தாடைக்கு ஏறி வந்தால் தளர்வு. ஏறாமல் ஆளையே தூக்குகிற மாதிரி இருந்தால் சரி. சின்னக் குழந்தை என்றால் கால் நடுவே போகும் பட்டை கட்டாயம். பெண்கள் சேலையோடு பரிசல் ஏறாமல் இருப்பதே நல்லது, சுடிதார் போதும். அப்படி ஏறத்தான் வேண்டும் என்றால் முந்தானையையும் கொசுவத்தையும் தூக்கி இடுப்பில் இறுகச் செருகிக்கொள்ள வேண்டும். கைப்பையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு ஏறக் கூடாது. கொக்கி உடைந்த ஜாக்கெட்டைக் கொடுத்தால் இறங்கிவிடுங்கள். கொடுத்த பணம் போனால் போகட்டும்.

ஆடிப் பதினெட்டுக்கு அம்மா காவிரிக்குப் போக வேண்டும் என்றார். நான் வேண்டாம் என்றேன். "ஆத்து மேல எனக்கு என்னடி கோவம்" என்று காதோலை கருகமணி, மஞ்சள், பழமெல்லாம் எடுத்து வைத்துவிட்டார். மேட்டூரில் கூட்டத்தோடு படியில் இறங்கி, இரண்டாவது படிக்கு மேல் போகாமல், குனிந்து தட்டைத் தண்ணீரில் விட்டார். அவர் சேலையின் இடுப்புச் செருகலை நான் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே நின்றேன். அவருக்கு அது தெரியும். விடச் சொல்லவில்லை.

அந்த வாரமே நாங்கள் நீச்சல் கற்க ஆரம்பித்தோம். என் கணவர் ஊரில் படிக்கட்டு வைத்த கிணறு இருக்கிறது. முதுகில் காலி கேனைக் கட்டிக்கொண்டு மகன் மூன்றாவது ஞாயிறே குறுக்கே நீந்திவிட்டான். இப்போது கேன் இல்லை. தம்பியும் வருகிறான். அவன்தான் கீழ்ப்படியில் நின்று எனக்குச் சொல்லிக்கொடுக்கிறான். நாற்பது வயதுக்கு மேல் உடம்பு வளைவது கடினமாக இல்லை. முகத்தைத் தண்ணீருக்குள் விடுவதுதான் முடியவில்லை. விட்டதும் அந்த ஆரஞ்சு நிறம் வந்துவிடுகிறது. போன வாரம் மூக்கு வரை விட்டு, எட்டு எண்ணும் வரை மூச்சை ஊதினேன். அம்மா மேலே கிணற்றுத் திட்டில் உட்கார்ந்து எண்ணினார். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே ரொம்ப நேரம் விட்டார்.